அதிகாரத்தின் ஊற்று – 9: இரு கோல்களும் ஒரு வட்டமும்

அரசதிகாரம் கடவுள் அருளியதா, குடிகள் ஒப்படைத்ததா என்ற வழக்கிற்காக இங்கிலாந்து சிந்திய குருதியையும், 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டதையும், ஃபில்மருக்கு லாக் எழுதிய மறுப்பையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விவரித்தன. அந்த வழக்கு இங்கிலாந்தோடு முடிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர்களோடும் பாதிரிமார்களோடும் கப்பலேறிச் சென்று, உலகின் தென்கோடியில், ஆட்சியைப் பற்றி முற்றிலும் வேறான கருத்துகளைக் கொண்டிருந்த ஒரு மக்களுக்கு நடுவே மீண்டும் எழுந்தது. 1841 முதல் 1865 வரை நியூசிலாந்தின் தலைநகராக இருந்த ஆக்லாந்து நகரமே அதன் களம். அக்காலத்தில் அங்கே இரு தரப்பினரும் கடவுளின் பெயராலும் மக்களின் பெயராலும் மாறிமாறி வாதாடினர் என்பதும், அவ்வாதம் இறுதியில் தர்க்கத்தால் தீர்க்கப்படாமல் பீரங்கியால் முடிக்கப்பட்டது என்பதும் ஆட்சிக் கொள்கையைப் படிப்பவர்கள் அறிய வேண்டிய செய்திகளாகும்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் அரசியலில் எல்லாவற்றிற்கும் அடிப்படையாக இருக்கும் சொல் ‘மனா’. ஆற்றல், மதிப்பு, செல்வாக்கு, ஆளும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்கும் அச்சொல்லைத் தமிழில் ஒரே சொல்லால் பெயர்ப்பது கடினம். ஒரு தலைவருக்குரிய மனா அவருடைய வம்சாவளி வழியாகத் தெய்வங்களிலிருந்தே இறங்கி வருவதாக மாவோரியர் கருதினர். ஆயினும் அத்தலைவர் விருந்தோம்பலில் குறைந்தாலோ, போரில் தம் மக்களைக் காக்கத் தவறினாலோ, ஊரவையில் பேசிப் பெரும்பான்மையோரை இணங்கச் செய்ய முடியாமற்போனாலோ, பிறப்பால் வந்த அந்த மனாவே தேய்ந்து வேறொருவரைச் சென்றடையும் என்பதும் அவர்களுடைய துணிபு. ஆகவே கடவுளா, மக்களா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஐரோப்பியக் கேள்வி மாவோரி மனத்திற்குப் புதியதாக இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு இது விளங்காத நிலையன்று. ‘இறை’ என்ற நம் சொல் கடவுளையும் அரசனையும் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கிறது; ‘கோயில்’ என்பது அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் பொதுவான பெயராக இருந்தது; அதே தமிழ் நிலத்தில்தான் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையினர் குடத்தில் ஓலையிட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினர்.

1835 அக்டோபர் 28 அன்று வைத்தாங்கியில் 34 வட புலத் தலைவர்கள் ஒரு விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டனர். பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக அங்கே குடியிருந்த ஜேம்ஸ் பஸ்பி என்பவரின் தூண்டுதலால் எழுந்த ஆவணமே அது என்றாலும், அதன் உள்ளடக்கம் அவருடைய தேவையைக் கடந்து நின்றது. நாட்டின் ஆளும் அதிகாரம் முழுவதும் கூடியிருக்கும் தலைவர்களிடமே உள்ளதென்றும், அவர்கள் தம் அவையில் நியமித்தாலன்றி வேறு எவரும் அங்கே ஆட்சி செலுத்தவோ சட்டம் இயற்றவோ முடியாதென்றும் அது அறிவித்தது. பின்னர் 1839இல் வைக்காட்டோ மக்களின் பெருந்தலைவர் தெ ஃபெரோஃபெரோவும் அதில் தம் குறியை இட்டார். அடுத்த ஆண்டு அதே வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசியுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த உடன்படிக்கையின் சொற்களில்தான் இந்த அத்தியாயத்தின் முடிச்சு இருக்கிறது. 1840 பிப்ரவரி 4 அன்று இரவு ஹென்றி வில்லியம்ஸ் பாதிரியாரும் அவருடைய மகன் எட்வர்டும் ஆங்கில வரைவை மாவோரி மொழிக்குப் பெயர்த்தனர். ஆங்கிலத்தில் முதல் பிரிவு, தலைவர்கள் தம் இறையாண்மை முழுவதையும் அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கூறியது. இறையாண்மைக்கு மாவோரியில் அவர்கள் இட்ட சொல் ‘காவனதங்கா’. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பாகிய ‘காவனா’ என்பதோடு தன்மைப்பெயர் விகுதி சேர்ந்து உருவானது அது; ‘ஆளுநர்தன்மை’ என்று தமிழில் சொல்லலாம். மாவோரியர் அச்சொல்லை அறிந்திருந்தது பெரும்பாலும் புதிய ஏற்பாட்டின் வழியாகவே. இயேசுவை விசாரித்துச் சிலுவைக்கு அனுப்பிய பொந்தியு பிலாத்து அங்கே ‘காவனா’ என்றே குறிப்பிடப்படுகிறார். தமக்கு மேலே ஒரு பேரரசரைக் கொண்ட, அனுப்பப்பட்டு வந்த ஓர் அதிகாரி அவர். இரண்டாம் பிரிவு தலைவர்களுக்கும் மக்களுக்கும் அவர்களுடைய நிலங்கள், ஊர்கள், அரும்பொருள்கள் ஆகியவற்றின் மீதான முழு ‘ரங்கதிரதங்கா’வை உறுதி செய்தது. ‘ரங்கதிரா’ என்றால் தலைவர். ‘ரங்கதிரதங்கா’ என்றால் தலைமை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், கடவுளின் ராஜ்யம் வருக என்று வேண்டும் இடத்தில், பாதிரிமார்கள் பயன்படுத்தியிருந்ததும் இதே சொல்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடவுளின் ஆட்சிக்குரிய பெயராக மாவோரி கிறிஸ்தவர்கள் வாய்விட்டு உச்சரித்த சொல் உடன்படிக்கையில் தமக்கே உறுதியளிக்கப்பட்டிருப்பதையும், பிலாத்துவின் பதவியைக் குறித்த சொல் மட்டுமே அரசிக்குப் போவதையும் கேட்ட தலைவர்கள், தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று எண்ணியிருப்பார்கள்? ரூத் ராஸ் என்ற ஆய்வாளர் 1972இல் இந்த மொழிபெயர்ப்புச் சிக்கலை விரித்து எழுதிய பிறகே நியூசிலாந்து வரலாற்றாசிரியர்கள் இக்கேள்வியை அதன் முழுக் கனத்தோடு எதிர்கொண்டனர்.

அன்றே எதிர்கொண்ட ஒருவர் இருந்தார். 1837இல் மாவோரி மொழிப் புதிய ஏற்பாட்டை பைஹியாவில் 5,000 படிகள் அச்சிட்டு முடித்த வில்லியம் கொலென்சோ, பிப்ரவரி 6 அன்று முதல் தலைவர் கையெழுத்திட அழைக்கப்பட்டபோது குறுக்கிட்டு, இந்த உடன்படிக்கையின் பொருள் இவர்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று ஆளுநர் ஹாப்சனிடம் நேராகக் கேட்டார். கையெழுத்து நிற்கவில்லை. கொலென்சோவின் பெயர் தமிழர்களுக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது: முகையதீன் பக்சு என்பவரின் கப்பலுக்குரியது என்று தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணியொன்றை, மாவோரியர் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்ததை 1836ஆம் ஆண்டளவில் கண்டெடுத்தவர் அவரே. அந்த மணி இன்று வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாவோரி மொழிப் படிகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்திட்டனர். வைக்காட்டோ ஆற்று முகத்திலும், இன்றைய ஆக்லாந்தின் தென்மேற்கே உள்ள மனுக்காவு துறைமுகத்திலும் 39 பேர் ஆங்கிலப் படியில் கையெழுத்திட்டனர். செப்டம்பர் 18 அன்று, ஙாத்தி ஃபாத்துவா குலத் தலைவர் ஆப்பிஹாய் தெ காவாவ் அழைத்ததன் பேரில் ஆளுநர் தம் தலைநகரை அமைப்பதற்காக வைத்தெமாத்தா துறைமுகக் கரையில் கொடியேற்றப்பட்டது. அத்தலைவர் வழங்கிய ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலத்திற்கு 50 பவுன் பணமும், போர்வைகளும் உடைகளும் புகையிலையும் கருவிகளும் தரப்பட்டன. 1841 ஏப்ரலில் அந்நிலத்தில் வெறும் 44 ஏக்கரை ஏலமிட்ட அரசுக்கு 24,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. கடவுள் அருளால் அரசியாக விளங்குபவர் என்று தம் ஆவணங்களில் எழுதிக்கொண்ட ஒருவரின் அரசு, மண்ணில் ஊன்றியது இப்படித்தான்: குடிகளின் அழைப்பால், அவர்கள் கொடுத்த நிலத்தில், அந்நிலத்தை விற்று வந்த காசில்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே நகரில் நாடாளுமன்றம் கூடியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1852இல் இயற்றிய அரசமைப்புச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் சபை, 1854 மே 24 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்தநாளில், அவசர அவசரமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரு மரக் கட்டடத்தில் அமர்ந்தது. கூரையும் சுவரும் கொட்டகை போலவே இருந்ததால் ஊரார் அக்கட்டடத்தைக் கொட்டகை என்ற சொல்லைக் கலந்தே அழைத்தனர். சபைத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கையோடு உறுப்பினர்கள் எடுத்துக்கொண்ட முதல் விவாதம் வரியைப் பற்றியதோ நிலத்தைப் பற்றியதோ அன்று. டுனீடின் பகுதியிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் மக்காண்ட்ரூ, சபையின் முதல் செயல் கடவுளை வெளிப்படையாக ஏற்று அவருடைய அருளை வேண்டுவதாக இருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அப்படிச் செய்தால் ஏதேனும் ஒரு திருச்சபை அரசுத் திருச்சபையாக உயர்ந்துவிடும், எல்லாச் சமயப் பிரிவுகளும் சமம் என்ற நிலை குலைந்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் வீணானதன்று. கத்தோலிக்கர்கள் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் அமர உரிமை பெற்று அப்போது இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன; ஆக்லாந்துச் சபையோ சார்லஸ் கிளிஃபோர்டு என்ற கத்தோலிக்கரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. விவாதத்தின் முடிவில் தீர்மானம் நிறைவேறியது. பாதிரியார் ஒருவர் அழைத்துவரப்பட்டு ஜெபம் செய்யப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் உள்ளது. 2017இல் சபைத் தலைவர் டிரெவர் மல்லார்டு அந்த ஜெபத்திலிருந்து இயேசு கிறிஸ்துவின் பெயரையும் அரசியைப் பற்றிய குறிப்பையும் நீக்கி, எல்லாம் வல்ல கடவுளை விளிக்கும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டபோது, எதிர்த்தோர் நாடாளுமன்ற வளாகத்தில் திரண்டனர்.

இந்திய அரசமைப்பு அவையிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்பிக்கையைக் கட்டாயமாக்குவதாகும் என்று அதை எதிர்த்தவர்களில் திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளையும் ஒருவர். 1750இல் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, இறைவனின் அடிமையாக நின்று ஆள்வதாக வாளை வைத்து வணங்கிய மண்ணிலிருந்து வந்தவர், அரசதிகாரத்தின் ஊற்றைக் கடவுளிடம் எழுதிவைக்க வேண்டாம் என்று வாதாடினார். திருத்தத்தை 41 பேர் ஆதரித்தனர், 68 பேர் எதிர்த்தனர். இந்திய மக்களாகிய நாம் என்றே முகப்புரை தொடங்கியது. டெல்லியில் அச்சொற்களை எழுதியபோது மக்கள் யார் என்பதில் ஐயமில்லாதிருக்க, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற முடிவும் உடன் இருந்தது. ஆக்லாந்தில் 1854இல் அந்த முடிவு இல்லை.

அங்கே வாக்குரிமை 21 வயது நிறைந்த, 50 பவுன் மதிப்புள்ள நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்த அல்லது குறிப்பிட்ட வாடகை செலுத்திய ஆண்களுக்கு உரியது. மாவோரியருக்கு அது சட்டத்தால் மறுக்கப்படவில்லை. ஆனால் அவர்களுடைய நிலம் குலத்திற்குப் பொதுவாக இருந்ததால், தனிப்பெயரில் பட்டா இல்லாத பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் ஏறவே முடியவில்லை. வட தீவின் நிலத்தில் மிகப் பெரும்பகுதியை வைத்திருந்தவர்கள், நிலம் வைத்திருப்போர்க்குரிய உரிமையை இழந்தனர். 1856இல் குடியேறியவர்கள் சபைக்குப் பொறுப்பான அமைச்சரவையைப் பெற்றனர். அதாவது, சபையின் நம்பிக்கையை இழந்தால் பதவி விலக வேண்டிய அமைச்சர்களைக் கொண்ட ஆட்சி. மாவோரி விவகாரங்களை மட்டும் ஆளுநர் தம் கையில் வைத்துக்கொண்டார். ஒரே நாட்டில் ஒரு மக்களுக்கு ஆட்சி கீழிருந்து எழுந்தது, இன்னொரு மக்களுக்கு மேலிருந்தே இறங்கியது. மாவோரி மன்னர் இயக்கம் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

‘கிங்கிதங்கா’ என்று அழைக்கப்படும் அவ்வியக்கத்தை ஆங்கிலேய அரசமுறையின் நகல் என்று ஆக்லாந்துப் பத்திரிகைகள் எள்ளின. 1856இல் தாவுப்போ ஏரிக்கரையிலுள்ள பூக்காவாவில் நிகழ்ந்த பெருங்கூட்டம் அந்த எள்ளலுக்குப் போதிய மறுமொழியாகும். அங்கே உயரமான கொடிமரம் ஒன்று நடப்பட்டு, அதன் உச்சியிலிருந்து நாரால் திரித்த கயிறுகள் நாற்புறமும் தொங்கவிடப்பட்டன. ஒவ்வொரு கயிறும் ஒரு குலத்தின் புனித மலையைக் குறித்தது. அம்மலையின் பெயரைச் சொல்லி அழைத்தபோது அந்தக் குலத்தார் எழுந்துவந்து தம் கயிற்றைத் தரையில் முளையடித்துக் கட்டினர். நடுமரம் மன்னர் பதவி. அது சாயாமல் நிற்பது கட்டியவர்களின் இழுப்பால். எந்தத் தத்துவ நூலும் இதைவிடத் தெளிவாக ஆட்சி ஒப்பந்தத்தை விளக்கியதாகச் சொல்ல முடியாது.

இயக்கத்திற்கு வேதாகம அடிப்படையைக் கொடுத்தவர் ஙாத்தி ஹாவுவா குலத்தைச் சேர்ந்த விரெமு தமிஹானா. புகழ்பெற்ற போர்த்தலைவர் தெ வாஹரோவாவின் மகனாகப் பிறந்து, 1839இல் ஞானஸ்நானம் பெற்று, பழிக்குப் பழி என்ற வழியைக் கைவிட்டு, பெரியா என்ற ஊரில் ஆலயமும் பள்ளியும் கோதுமை வயலுமாக ஒரு கிறிஸ்தவ ஊரை நிறுவியவர் அவர். 1857 தொடக்கத்தில் ஆக்லாந்துக்குச் சென்று அரசின் உதவியை நாடியபோது அதிகாரிகள் அவரை மதித்துக் கேட்கவில்லை. குடியேறியவர்களுக்கு இடையே கொலை நடந்தால் உடனே சட்டம் வருவதையும், மாவோரியர் தமக்குள் நிலத்திற்காக வெட்டிக்கொண்டு சாகும்போது ஆளுநர் தலையிடாமல் இருப்பதையும் கண்ட அவர், தம் மக்களின் குருதி நிலத்தில் சிந்தாதிருக்க அவர்களுக்கென ஒரு மன்னர் வேண்டும் என்று முடிவு செய்தார். உபாகமம் பதினேழாம் அதிகாரத்தை அவர் தம் சான்றாக எடுத்தார்: இஸ்ரவேலர் தமக்கு மன்னரை ஏற்படுத்தும்போது அந்நியரை ஏற்படுத்தாமல் தம் சகோதரருள் ஒருவரையே ஏற்படுத்த வேண்டும் என்று மோசே கட்டளையிடும் இடம் அது. 1861இல் ஆளுநர் கோர் பிரவுன் மாவோரியரை அரசிக்கு அடங்குமாறு எச்சரித்தபோது, உலகத்து நாடுகள் எல்லாம் ஒரே அரசரின் கீழ் இருந்தால் மாவோரியரும் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாட்டிற்கும் அதனதன் இனத்து மன்னரே இருக்கிறார், மாவோரியருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்ற பொருளில் அவர் பதில் எழுதினார்.

இந்த வாதத்தின் வலிமையை நிறுத்துக் கவனிக்க வேண்டும். மன்னரின் அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது என்று கற்பித்தவர்கள் பாதிரிமார்கள். அரசர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் ரோமர் நிருபமே அவர்களுடைய விருப்பமான பகுதி. தமிஹானா அதே நூலைத் திறந்து, கடவுள் மன்னர் ஒருவரை ஏற்படுத்துவது உண்மையென்றால், அம்மன்னர் அந்த மக்களுக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பதும் கடவுளின் கட்டளையே என்று காட்டினார். சாமுவேலின் முதல் நூலில் மன்னரைக் கேட்கும் மக்களின் சொல்லைக் கேட்குமாறு கடவுளே சாமுவேலிடம் கூறுகிறார் என்பதை நினைத்தால், தமிஹானாவின் வாசிப்பு வேதாகமத்தின் போக்குக்கு முரணானது என்று எவரும் சொல்ல இயலாது. ஃபில்மர் வேதாகமத்திலிருந்து முடியாட்சியின் தெய்விக உரிமையை எடுத்தார். லாக் அதே வேதாகமத்தைக் கொண்டு அதை மறுத்தார். லண்டனுக்கு மறுகோடியில் இருந்த ஒருவர், கடவுளின் ஆணையும் குடிகளின் தேர்வும் ஒரே செயலின் இரு பக்கங்களாகும் இடத்தைக் கண்டடைந்தார். இத்தொடரில் இதுவரை வந்த சிந்தனையாளர்களுள் அவருக்கு உரிய இடம் முன்வரிசையில்தான்.

1858 ஜூனில் ஙாருவாவாஹியாவில் தெ ஃபெரோஃபெரோ முதல் மாவோரி மன்னராக அமர்த்தப்பட்டு ‘போத்தாத்தாவ்’ என்ற பெயரால் வழங்கப்பட்டார். அவர் ஆக்லாந்துக்கு அயலார் அல்லர். வட புலத்துப் படைகள் நகரைத் தாக்கிவிடுமோ என்ற அச்சம் நிலவிய காலத்தில், நகரைக் காப்பதற்காக 1849இல் ஆளுநர் ஜார்ஜ் கிரே அவரை வேண்டிக்கேட்டு நகரின் தெற்கே மாங்கெரேயில் குடியமர்த்தினார். இன்று ஆக்லாந்தின் பொதுப் பூங்காவாக உள்ள இடத்திலும் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்தப் பூங்காவில் புக்கேகரோவா என்ற மேட்டின் மேல், 1940இல் இளவரசி தெ புயா நட்ட தோத்தாரா மரம் செதுக்கு வேலிக்குள் நின்றுகொண்டிருக்கிறது. முடிசூட்டு விழாவில் முடிக்குப் பதிலாகத் தமிஹானா போத்தாத்தாவின் தலையின் மேல் வேதாகமத்தை வைத்தார். மன்னரைத் தேர்ந்தவர்கள் குலத் தலைவர்கள். தலையில் வைக்கப்பட்டது கடவுளின் நூல். 2024 செப்டம்பர் 5 அன்று, தந்தை தூஹெய்த்தியாவின் உடல் அடக்கம் செய்யப்படும் முன்னரே, குலத் தலைவர்களின் அவையால் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 வயது ஙா வாய் ஹோனோ இ தெ போ எட்டாவது ஆட்சியாளராக அமர்த்தப்பட்டபோதும், அதே 1858ஆம் ஆண்டு வேதாகமமே பயன்படுத்தப்பட்டது. மன்னரை அமர்த்தும் ‘துமுவாக்கி’ என்ற பொறுப்பு தமிஹானாவின் வழித்தோன்றல்களிடமே இருந்துவருகிறது.

மாவோரி மன்னர் இருந்தால் அரசி இருக்க முடியாது என்பதே ஆக்லாந்து அரசின் முடிவாக இருந்தது. தமிஹானா அப்படி எண்ணவில்லை. தெ அவாமூத்துவில் அரசின் நீதிபதியாக இருந்து, பின்னர் இயக்கத்தைப் பற்றி 1864இல் நூல் வெளியிட்ட ஜான் கோர்ஸ்ட், தமிஹானா தம் கருத்தை விளக்கிய விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவர் தரையில் இரண்டு குச்சிகளை நட்டார். ஒன்று மாவோரி மன்னர், மற்றது ஆளுநர். அவ்விரண்டின் தலைகளையும் சேர்த்து மூன்றாவது குச்சி ஒன்றைக் குறுக்கே வைத்தார். அது கடவுளின் சட்டமும் அரசியின் சட்டமும். பிறகு இரண்டையும் சுற்றித் தரையில் விரலால் ஒரு வட்டம் கீறி, அவர்கள் எல்லாரையும் காக்கும் வேலியாகிய அரசி அதுவே என்றார். மண்ணில் கீறிய அந்த வரைபடத்தில், தனித்தனி மக்களிடமிருந்து எழும் இரண்டு ஆட்சிகள், அவற்றை இணைக்கும் ஒரு பொதுச் சட்டம், அதற்குப் புறத்தே ஒரு பாதுகாப்பு ஆகிய கூட்டாட்சியின் உறுப்புகள் அனைத்தும் இருந்தன. ஆட்சிப் பயிற்சி பெற்றிருந்த ஆக்லாந்து அமைச்சர்கள் அதைப் புரிந்துகொள்ளத் தவறினார்கள் என்பதைவிட, வைக்காட்டோவின் வளமான நிலத்தின் மேல் வைத்த கண் அவர்களைப் புரிந்துகொள்ள விடவில்லை என்பதே பொருந்தும்.

1863 ஜூலை 9 அன்று, ஆளுநராக மீண்டும் வந்திருந்த ஜார்ஜ் கிரேயின் அறிவிப்பு வெளியானது. மாங்கெரே, புக்காக்கி, இஹுமாத்தாவோ, கிரிகிரி முதலிய, ஆக்லாந்தின் தெற்கே இருந்த ஊர்களின் மாவோரியர் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் வைக்காட்டோவுக்குப் போய்விட வேண்டும். அவ்வூர்களின் மக்கள் ஆக்லாந்துச் சந்தைக்கு மீனும் கோதுமையும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து விற்றவர்கள், அந்நகரத்து வழிபாட்டு நெறியிலேயே வழிபட்டவர்கள், பலர் மன்னரின் உறவினர்கள். கடவுளைச் சாட்சி வைத்து ஓர் அரசியின் பக்கம் நின்றால் தம் சொந்த மன்னரைக் கைவிட வேண்டும், கைவிடாவிட்டால் வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுப் போக வேண்டும் என்ற நிலையில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே நடந்தனர். மூன்று நாள் கழித்து, ஜூலை 12 அன்று, பிரிட்டிஷ் படைகள் மாங்காத்தாஃபிரி ஓடையைக் கடந்து வைக்காட்டோவுக்குள் நுழைந்தன. எச்சரிக்கை என்று சொல்லப்பட்ட பிரகடனம் 11ஆம் தேதியிட்டது. அது வைக்காட்டோ மக்களின் கைக்குச் சேரும் முன்பே போர் தொடங்கிவிட்டது.

இஹாக்கா தக்காஅனினி என்ற தலைவரின் கதி அந்த அறிவிப்பின் இயல்பைக் காட்டப் போதுமானது. கிரிகிரியில் வாழ்ந்த அவர் அரசால் நியமிக்கப்பட்டு நீதிபதிகளுக்குத் துணையாக இருந்தவர். நோயுற்றிருந்த நிலையில், ஜூலையில், குடும்பத்தோடு கைது செய்யப்பட்டு, குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி ஓத்தாஹுஹு பாளையத்தில் அடைத்து வைக்கப்பட்டார். அங்கேயே அவருடைய குடும்பத்தினர் சிலர் இறந்தனர். பின்னர் ஹவுராக்கி வளைகுடாவிலுள்ள ராக்கினோ தீவுக்கு மாற்றப்பட்ட அவர் 1864இல் அத்தீவில் இறந்தார். ஆட்சிக்குப் பணி செய்தவரை அந்த ஆட்சியே காரணம் சொல்லாமல் அடைத்து வைத்துக் கொன்றுவிட்டது என்று எழுதுவதில் மிகையில்லை.

1863ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்லாந்தில் கூடிய நாடாளுமன்றம், ஜெபத்தோடு அமர்வைத் தொடங்கும் அதே சபை, நிலப் பறிப்புக்கு வழிசெய்யும் குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. மாவோரியருள் ஒருவர்கூட அதில் உறுப்பினர் இல்லை. வைக்காட்டோவில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிக்கப்பட்டது. போரில் ஈடுபடாதவர்களின் நிலமும் அதில் அடங்கும். இஹுமாத்தாவோவில் பறிக்கப்பட்டது ஏறத்தாழ 1,100 ஏக்கர். அதில் ஒரு பகுதியில் வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்து 2019இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டதும், 2020 டிசம்பரில் அரசு அந்நிலத்தைக் கட்டுமான நிறுவனத்திடமிருந்து 2.99 கோடி நியூசிலாந்து டாலருக்கு வாங்கியதும் அண்மைய செய்திகள். வைக்காட்டோ மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு மன்னிப்புக் கூறும் சட்டத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியே நேரில் கையெழுத்திட்டது 1995இல். அதற்கு 132 ஆண்டுகள் ஆயின. 1840இல் கையெழுத்திட்ட வட புலத் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2014இல் அறிக்கை தந்தபோது, தாம் நாட்டை ஆளும் உரிமையில் அதனால் மாற்றமில்லை என்று அரசு பதிலளித்தது.

போர் ஓய்ந்த பின் போத்தாத்தாவின் மகன் தாவியாவோ மன்னர் தம் மக்களோடு தெற்கேயுள்ள மலைநாட்டில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். 1881இல் வெளியே வந்து அரசின் நீதிபதி முன் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்; அடுத்த ஆண்டு ஆக்லாந்துக்கு வந்தபோது, அவருடைய ஊர்களை எரித்த அரசின் தலைநகராக இருந்த அந்நகரம் அவரை விருந்தளித்து வரவேற்றது. ஆனால் நிலம் திரும்பவில்லை. உடன்படிக்கை தம் முன்னோருக்கும் அரசிக்கும் இடையே நடந்தது, ஆகவே அரசியே அதற்குப் பொறுப்பு என்று கருதிய அவர், 1884இல் மனுவோடு லண்டனுக்குக் கப்பலேறினார். அரசியைக் காண அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரைச் சந்தித்த குடியேற்ற நாடுகள் துறைச் செயலர் டெர்பி பிரபு, இது நியூசிலாந்து அமைச்சர்களின் பொறுப்பு என்று சொல்லி மனுவை அவர்களிடமே திருப்பி அனுப்பினார். கடவுள் அருளால் ஆளும் அரசியின் வாசலிலிருந்து மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு அந்த மனு வந்தது. அப்போது அச்சபையின் 95 உறுப்பினர்களில் மாவோரியர்க்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் நான்கு. அந்த நான்கு இடங்களும் 1867இல் எவ்வாறு உருவாயின, தாவியாவோ திரும்பி வந்து தம் மக்களுக்கென வேறொரு பேரவையை அமைத்தது எப்படி என்பவை அடுத்த பகுதியில்.